மூன்று மீட்டர் வானொலித் தொலைநோக்கி: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறிதல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலின் ஓரத்தில் நிற்கும் எங்கள் மூன்று மீட்டர் கம்பிவலைத் தட்டு, ஒருகாலத்தில் செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்குப் பயன்பட்ட பெரிய தட்டுகளின் வகையைச் சேர்ந்தது. இன்று இரண்டு மோட்டார்கள் அதை வானின் எத்திசைக்கும் திருப்புகின்றன. பால்வீதியில் பரவிக் கிடக்கும் ஐதரசன் அணுக்கள் 1420.4 மெகாஹெர்ட்சில் வெளியிடும் 21 சென்டிமீட்டர் அலையை, அதாவது ஐதரசன் கோட்டை, அது பதிவு செய்கிறது. தட்டு குவிக்கும் அலையை வாங்கும் ஃபீடை மாற்றிப் பொருத்தினால் வானிலைச் செயற்கைக்கோள்களையும் பின்தொடர்கிறது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்கில் 1957 முதல் இயங்கும் 76 மீட்டர் லவல் தொலைநோக்கிக்கும், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் 1961 முதல் இயங்கும் 64 மீட்டர் தொலைநோக்கிக்கும் அடிப்படை உறுப்புகள் இவையேதான்: அலையைத் திரட்டும் தட்டு, குவியத்தில் நிற்கும் ஃபீட், அதை ஒட்டி நின்று மெல்லிய அலையை முதலில் பெருக்கும் முன்பெருக்கி, கீழே வரும் கோஆக்சியல் கம்பி, அலையை அளந்து காட்டும் ஏற்பி, தட்டைத் திருப்பும் இயந்திரம். அதனால் பழுதுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகவே இருக்கின்றன. நம்முடைய ஈரமும் வெயிலும் இடியும் அவற்றை விரைவுபடுத்துகின்றன, அவ்வளவுதான்.

எந்த அறிகுறி தென்பட்டாலும், ஸ்பானரை எடுப்பதற்கு முன் மூன்று அளவுகளை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். முதலாவது, தட்டை அருகிலுள்ள அடர்ந்த செம்பனை மரங்களை நோக்கித் தாழ்த்தி எடுக்கும் அளவு. இலைச் செறிவு ஏறக்குறைய 300 கெல்வின் வெப்பமுள்ள பொருளாக ஏற்பிக்குத் தெரியும். இரண்டாவது, பால்வீதியை விட்டு விலகிய வெற்று வானத்தின் அளவு. மூன்றாவது, சூரியனின் அளவு. நல்ல நிலையிலுள்ள மூன்று மீட்டர் தட்டில், ஒட்டுமொத்த இரைச்சல் வெப்பநிலை (கருவியும் வெற்று வானமும் சேர்ந்து தரும் இரைச்சலை வெப்பமாகச் சொல்லும் அளவு) 100 கெல்வின் அளவில் இருக்குமானால், மரம் வானத்தைவிட நான்கு மடங்கு, அதாவது 6 டெசிபல் உயர்ந்து நிற்கும். அமைதியான சூரியன் சுமார் எட்டு மடங்கு, அதாவது 9 டெசிபல் உயர்ந்து நிற்கும். 21 சென்டிமீட்டர் அலையை மேகம் மறைக்காது என்பதால், வானம் மூடியிருக்கும் நாளிலும் சூரியனை அளந்து பார்க்கலாம். இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால், பழுது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது பெரும்பாலும் ஏணி ஏறாமலேயே தெரிந்துவிடும்.

மரத்துக்கும் வானத்துக்கும் வேறுபாடே தெரியவில்லை

முதலில் ஏற்பி மென்பொருளில் தானியங்கிப் பெருக்கம் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இயங்கிக்கொண்டிருந்தால், அலை கூடும்போது பெருக்கத்தைத் தானே குறைத்து, குறையும்போது கூட்டி, மரத்தையும் வானத்தையும் சூரியனையும் ஒரே மட்டத்தில் காட்டிவிடும். புதிதாகச் சேரும் மாணவர் எவரேனும் மென்பொருளை மறுபடி நிறுவிய பிறகு இந்தப் புகார் எழுவது வழக்கம்.

அது சரியாக இருந்தால், முன்பெருக்கிக்குப் போகும் மின்னோட்டத்தை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். மின்னோட்டம் சிறிதும் இல்லையென்றால் கம்பியோ கனெக்டரோ எங்கோ அறுந்திருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த அளவைவிட மிக அதிகமாக இருந்தால் கனெக்டருக்குள் நீர் புகுந்து உள்கம்பியையும் உறையையும் இணைத்திருக்கலாம். மின்னோட்டம் இயல்பாக இருந்தும் வேறுபாடு தெரியவில்லை, அதுவும் முந்தைய மாலையில் இடி விழுந்தது என்றால், முன்பெருக்கியின் முதல் டிரான்சிஸ்டர் போயிருக்கும் என்றே கொள்ளலாம். உலகில் இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களில் நம்முடையதும் ஒன்று. நேரடியாக இடி விழாமல், பக்கத்துத் தோட்டத்தில் விழுந்த மின்னலின் தூண்டலே இந்தச் சேதத்தைச் செய்யப் போதும். மாற்று முன்பெருக்கி ஒன்றைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்க வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வரும்போது கீழ்முனையில் கம்பியைக் கழற்றித் தரையிணைப்பில் மாட்டிவிட வேண்டும்.

இவை எதுவுமே இல்லையென்றால் ஃபீடைத் திறந்து பார்க்கும் வேலை இருக்கிறது. தட்டில் ஏறுவதற்கு முன் மோட்டார்களின் முதன்மை சுவிட்சை அணைத்து, பூட்டி, சாவியை ஏறுபவரே சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விதிக்கு விலக்கே கிடையாது. எங்கள் ஃபீட் ஓர் உலோகக் குவளை. அதன் பக்கவாட்டில், கால் அலைநீளமாகிய 5.3 சென்டிமீட்டருக்கு அருகே வெட்டப்பட்ட செப்புக் கம்பியொன்று உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். குவளையின் வாயை மூடியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மூடி ஓரிடத்தில் கிழிந்தாலே குளவி உள்ளே நுழைந்து, சரியாக அந்தக் கம்பியின் அடியைச் சுற்றி மண்கூடு கட்டிவிடுகிறது. காய்ந்த கூட்டில் அவ்வளவு தொல்லை இல்லை; ஆனால் இரவுப் பனியில் அது நனைந்ததும் கம்பியின் ஒத்திசைவு 1420 மெகாஹெர்ட்சை விட்டு விலகி, விடியற்காலையில் அலை மங்கி, வெயில் ஏறியபின் திரும்பி வரும். கூட்டை மரக்குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் கம்பி வளைந்துவிடும்.

மழையில் மங்குகிறது, மழை விட்டபின்னும் திரும்பவில்லை

வீட்டுக் கூரையிலுள்ள சிறு தட்டில் கனமழையின்போது படம் அறுந்துபோவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இங்கும் மழைதான் அலையைத் தடுக்கிறது என்று தோன்றும். அது தவறான முடிவு. தொலைக்காட்சிச் செயற்கைக்கோள் பயன்படுத்தும் 12 கிகாஹெர்ட்ஸ் அலையை மழைத்துளிகள் கடுமையாக உறிஞ்சுகின்றன, 1.4 கிகாஹெர்ட்ஸ் அலையோ மழையைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே மழைக்குப் பின் அளவு குறைந்தே இருந்து, மறுநாள் நண்பகலில் மெல்ல மெல்ல மீண்டால், நீர் நம்முடைய கனெக்டருக்குள்தான் இருக்கிறது.

கனெக்டரைக் கழற்றி நடு ஊசியைப் பாருங்கள். ஊசியின் அடியில் பச்சைப் பொடி படிந்திருந்தாலோ, கம்பியின் பின்னல் உறை செம்பு நிறம் மாறிக் கறுத்திருந்தாலோ அந்த முனையைச் சுத்தம் செய்து பயனில்லை. பின்னல் வழியாக நீர் கம்பிக்குள் ஏறியிருக்கும். ஒரு முழ நீளம் வெட்டி எறிந்துவிட்டு, செம்பு பளிச்சென்று தெரியும் இடத்தில் புதிய முனை பொருத்த வேண்டும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால்தான் மடிப்புகள் ஓட்டுக்கூரைபோல் நீரை வடியவிடும். கம்பி கனெக்டரைச் சேர்வதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்துவிட்டால், வழிந்துவரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். இந்தத் தட்பவெப்பத்தில் சிலிக்கான் பசையை மட்டும் நம்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது விளிம்பில் பிரிந்து, உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது.

மரமும் வானமும் சரியாக இருக்கின்றன, சூரியன் கிடைக்கவில்லை

இதன் பொருள், ஏற்பும் பெருக்கமும் நன்றாக உள்ளன, தட்டு தான் பார்ப்பதாகச் சொல்லும் இடத்தைப் பார்க்கவில்லை என்பதே. எங்கள் தட்டின் பார்வைக் கற்றை, அதாவது ஒரே நேரத்தில் அது பார்க்கும் வானப்பகுதி, 21 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 5 பாகை அகலம் கொண்டது. பெரிய தொலைநோக்கிகளுக்கு இந்தத் தாராளம் இல்லை; விண்கலங்களோடு பேசும் 70 மீட்டர் தட்டுகள் 8.4 கிகாஹெர்ட்சில் பாகையின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவான கற்றையைக் கொண்டவை. திசை பிசகுவது எத்தகைய நிலைக்குக் கொண்டுபோகும் என்பதை 2023 ஜூலையில் உலகம் பார்த்தது. தவறான கட்டளையொன்றால் வாயேஜர் 2 விண்கலத்தின் ஆண்டெனா பூமியை விட்டு 2 பாகை மட்டுமே விலகியது. தொடர்பு முழுதும் அறுந்தது. ஆகஸ்ட் 4 அன்றுதான், கான்பராவின் 70 மீட்டர் தட்டிலிருந்து மிகுந்த ஆற்றலோடு அனுப்பிய கட்டளைக்குப் பிறகு அது திரும்பக் கிடைத்தது.

நம்முடைய பிழை பெரும்பாலும் கடிகாரத்தில்தான் இருக்கும். மேற்கு மலேசியாவின் நேரம் 1982 தொடக்கத்தில்தான் உலக நேரத்தைவிட எட்டு மணி முன்னதாக மாற்றப்பட்டது. அதற்கு முன் ஏழரை மணி நேர வேறுபாடு இருந்தது. பழைய அட்டவணையைப் பார்த்துக் கையால் 7.5 என்று உள்ளிட்டால் அரை மணி நேரப் பிழை, அதாவது 7.5 பாகைப் பிழை வரும். நம் கற்றை முழுவதையும் தாண்டிய விலகல் அது. இன்னொன்று, 101 பாகைக் கிழக்கு நெடுவரையில் இருக்கும் நமக்குச் சூரியன் உச்சிக்கோட்டைக் கடப்பது பன்னிரண்டு மணிக்கன்று, சராசரியாக 1.16 மணிக்கு, ஆண்டின் பருவத்தைப் பொறுத்து கால் மணி முன்பின்னாகக் கடக்கும். கணினி காட்டும் நேரம் இதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே பாதிப் பிழைகள் வெளிப்பட்டுவிடும். சில மென்பொருள்கள் கிழக்கு நெடுவரைக்குக் கழித்தல் குறி கேட்கின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வடதிசையை ஒழுங்குபடுத்தக் காந்த ஊசியைப் பயன்படுத்தியிருந்தால், இங்கு காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒரு பாகைக்குள் ஒத்திருக்கின்றன என்பது நமக்கு வாய்த்த வசதி. ஆனால் தூணின் இரும்பும், அடித்தளக் கான்கிரீட்டிலுள்ள கம்பிகளும் ஊசியைப் பல பாகை இழுத்துவிடும். அளவையைத் தூணிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று எடுக்க வேண்டும்.

இறுதித் தீர்ப்பைச் சூரியனிடமே விடலாம். சூரியன் வரவிருக்கும் பாதையில் தட்டைச் சற்று முன்னால் நிறுத்தி, மோட்டாரை அணைத்துவிட்டு, அளவைத் தொடர்ந்து பதிய வேண்டும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால் சுமார் இருபது நிமிட அகலமுள்ள மேடொன்று வரையும். மேட்டின் உச்சி கணித்த நேரத்துக்கு 4 நிமிடம் பிந்தினால் தட்டு ஒரு பாகை மேற்கே பார்க்கிறது என்று பொருள், முந்தினால் கிழக்கே. உச்சி கூராக இல்லாமல் மட்டமாக வெட்டுண்டிருந்தால் ஏற்பி தான் தாங்கும் உச்ச அளவை எட்டித் தெவிட்டிவிட்டது. பெருக்கத்தைக் குறைக்க வேண்டும். மேட்டின் ஒருபக்கத்தில் மட்டும் சிறு திமில் ஒட்டியிருந்தால் ஃபீட் தட்டின் நடு அச்சிலிருந்து விலகியிருக்கிறது. தாங்கும் மூன்று கால்களின் நீளத்தையும் நூல் பிடித்து அளந்து சரிசெய்ய வேண்டும். பளபளப்பான முழுத்தகட்டுத் தட்டு வைத்திருப்போர் இந்தச் சோதனையை வெறும் வெயிலில் செய்யக்கூடாது. குவிந்த வெப்பம் ஃபீடை உருக்கிவிடும். கம்பிவலைத் தட்டில் அந்த ஆபத்து இல்லை.

கிழக்கிலிருந்து வரும்போது ஓர் அளவும், மேற்கிலிருந்து திரும்பும்போது வேறோர் அளவும் காட்டினால் கியர் பற்களுக்கிடையே தளர்வு இருக்கிறது. லவல் தொலைநோக்கியை ஏற்றி இறக்குவதற்கு, உடைக்கப்பட்ட இரண்டு போர்க்கப்பல்களின் பீரங்கி மேடைப் பற்சட்டங்களைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அந்த அளவு எடையைச் சுமந்தபடியும் துல்லியமாகத் திரும்ப வேண்டிய பற்கள் தேவைப்பட்டன. நமக்கு அவ்வளவு தேவையில்லை. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து இலக்கை நெருங்குமாறு மென்பொருளை அமைத்து, தட்டின் பின்புறம் சற்று எதிர்எடை கட்டினால் பற்கள் ஒரே பக்கமாக அழுந்தி நின்றுவிடும்.

தலைக்கு மேல் வரும்போது இலக்கு நழுவுகிறது

இது பழுதன்று; நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்வதன் விளைவு. திசைக்கோணம், ஏற்றக்கோணம் என்ற இரண்டு அச்சுகளில் திரும்பும் தட்டு, இலக்கு உச்சி வழியாகக் கடக்கும்போது கண நேரத்தில் பாதிச் சுற்றுத் திரும்ப வேண்டியிருக்கும், மோட்டாரால் முடியாது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் 10-ஐ ஒட்டியும் சூரியனே நம் உச்சியைக் கடக்கும் நாள்களில் இது கண்கூடாகத் தெரியும். ஐந்து பாகைக் கற்றையுள்ள தட்டைச் சூரியன் கடக்கும் வரை உச்சியிலேயே நிறுத்தி வைத்தால் போதும். 800 கிலோமீட்டர் உயரத்தில் பாயும் செயற்கைக்கோளுக்கு அது போதாது. மேலும் கணினிக் கடிகாரத்தில் ஒரு நொடிப் பிழை இருந்தால் செயற்கைக்கோள் அதற்குள் 7 கிலோமீட்டருக்குமேல் நகர்ந்து, உச்சியில் அரைப் பாகை விலகிவிடும். பாதைத் தரவு பழையதாக இருந்தால் விலகல் இன்னும் கூடும்.

புதிதாகத் தட்டு நிறுவப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, ஊட்டியைப் பாருங்கள் என்பதுதான். இந்திய வானொலி வானியலாளர் கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970-இல் இயங்கத் தொடங்கிய, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அங்குள்ள வானொலித் தொலைநோக்கியை, சுமார் 11 பாகை சரிந்த மலைச்சரிவில் வடக்குத் தெற்காகக் கிடத்தினார்கள். சரிவும் ஊரின் அகலாங்கும் ஒன்றாக இருந்ததால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையானது. ஒரே அச்சைச் சுழற்றியே ஒரு விண்மீனை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர முடிந்தது. நம் அகலாங்கு ஏறக்குறைய 5 பாகைதான். முதன்மை அச்சை வடக்குத் தெற்காகக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் படுக்க வைத்தால், உச்சித் தொல்லை அறவே நீங்கும். அதே தொல்லை அச்சு நோக்கும் வானின் வடகோடிக்கும் தென்கோடிக்கும் இடம்பெயரும்; ஆனால் அவ்விரண்டும் தொடுவானத்தை ஒட்டியே கிடக்கும் நமக்கு, அதனால் இழப்பு மிகச் சிறிது.

சூரியன் சரி, ஐதரசன் கோடு மட்டும் தெரியவில்லை

இன்னும் நீண்ட நேரம் பதிந்தால் வந்துவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 100 கெல்வின் இரைச்சலில், 5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு நிமிடம் சேர்த்தாலே தடுமாற்றம் 0.2 கெல்வினுக்குக் கீழே இறங்கிவிடும். பால்வீதியின் தளத்தில் ஐதரசன் பல பத்து கெல்வின் உயரத்தில் நிற்கும். 1951-இல் ஹார்வர்டில் ஈவன், பர்செல் என்ற இயற்பியலாளர்கள் சன்னலுக்கு வெளியே நீட்டிய மரச்சட்டக் கொம்பு வடிவ ஆண்டெனாவாலேயே இதைக் கண்டுபிடித்தார்கள். ஐந்து நிமிடத்தில் தெரியவில்லையென்றால் அமைப்பில் பிழை இருக்கிறது.

மலிவான ஏற்பிகள் திரையின் நட்ட நடுவே ஒரு பொய்க் கூர்முனையை எழுப்பும், 1420.4-ஐயே நடுவாக வைத்தால் கோடு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். நடுவை அரை மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைக்க வேண்டும். அடுத்து, வடிகட்டியின் சொந்த வளைவு கோட்டைவிடப் பெரிதாக இருப்பதால், வெற்று வானத்தின் பதிவால் வகுத்தபின்பே படத்தைப் பார்க்க வேண்டும்.

கோடு தெரிகிறது, ஆனால் இடம் மாறித் தெரிகிறது என்றால் அவசரப்படக்கூடாது. நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம் 4.74 கிலோஹெர்ட்ஸ் பெயர்ச்சியைத் தரும்; பூமி சூரியனைச் சுற்றும் 30 கிலோமீட்டர் வேகமே ஆண்டின் போக்கில் இருபுறமும் 142 கிலோஹெர்ட்ஸ் வரை கோட்டை நகர்த்தும். இவை உண்மையான நகர்வுகள். அதே இலக்கில், காலையில் ஓரிடமும் பகல் வெப்பத்தில் வேறிடமுமாகக் கோடு ஊர்ந்தால் மட்டுமே ஏற்பியின் அலைவெண்ணை நிலைநிறுத்தும் படிகத்தைச் சந்தேகிக்க வேண்டும். வெப்ப ஈடு செய்யப்பட்ட படிகமுள்ள ஏற்பி அதற்குத் தீர்வு.

திடீர்க் கூர்முனைகள் தோன்றுகின்றன

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை எவரும் ஒலிபரப்பக்கூடாது என்று உலக அளவில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எனவே அங்கு தெரியும் கூர்முனைகள் அநேகமாக நம் கைப்பேசி மின்னேற்றி, எல்இடி விளக்கு, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றின் கசிவுகளே. ஏற்பியையும் மடிக்கணினியையும் மின்கலத்தில் இயக்கி, கட்டடத்தின் மின்சாரம் முழுவதையும் அணைத்து, பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பார்க்ஸில் 1998 முதலான பதிவுகளில் தலைகாட்டிய விளங்காத துடிப்புகளுக்கு 2015-இல்தான் விடை கிடைத்தது: நிலையத்தின் மைக்ரோவேவ் அடுப்பு நிற்கும் முன்பே எவரோ கதவைத் திறந்ததால் கசிந்த அலைகள் அவை. கைப்பேசிக் கோபுரத்தின் பக்கம் திரும்பும்போது மட்டும் இரைச்சல் மட்டம் முழுவதுமாக எகிறினால் முன்பெருக்கி திணறுகிறது. அதற்கு 1420 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டி வேண்டும்.

வானிலிருந்து வருகிறதா, ஊரிலிருந்து வருகிறதா என்ற ஐயம் நீடித்தால் நேரத்தைக் குறித்து வையுங்கள். விண்மீன்கள் நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தி வரும். அமெரிக்கப் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி 1930-களின் தொடக்கத்தில், சுழலும் ஆண்டெனாவில் கேட்ட இரைச்சல் பால்வீதியிலிருந்து வருகிறது என்பதை இந்த நான்கு நிமிடக் கணக்கால்தான் அறிந்தார். தினமும் ஒரே கடிகார நேரத்தில் வந்தால் அது மனிதர் செய்வது.

தட்டு நடுங்குகிறது, முனகுகிறது, பாதியில் நிற்கிறது

பாதியில் நின்றால் முதலில், தட்டு எல்லை மீறித் திரும்பாமல் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்சைத் திறந்து எறும்புப் புற்று இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியில் பல்லி அகப்பட்டு ரிலேயைத் தடுப்பதும் உண்டு. கம்பி நுழையும் துளைகளை மெல்லிய வலையால் அடைக்க வேண்டும்.

காற்றில் நடுங்கினால் வேலையை நிறுத்திவிட வேண்டும். மூன்று மீட்டர் அகலமுள்ள முழுத்தட்டின் மீது நொடிக்கு 20 மீட்டர் வேகக் காற்று முகத்தில் மோதினால் 200 கிலோ எடைக்குமேல் அழுத்தும். கம்பிவலையில் இது குறைவு, ஆனால் காய்ந்த மட்டையும் கொடியும் சிக்கியிருந்தால் குறையாது. நம் மேற்குக் கரைக்கு அதிகாலையில் வரும் சுமத்ரா புயற்காற்று முன்னறிவிப்பின்றி வீசுவதால், இரவுப் பதிவு முடிந்ததும் தட்டை நேர் மேலே பார்க்க வைத்துப் பூட்டிவிடுவதே முறை. 1969 ஜூலையில் அப்போலோ 11 நிலவில் இறங்கிய நாளில், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகக் காற்று பார்க்ஸ் தட்டைத் தாக்கியது. அதன் பாதுகாப்பு எல்லையை மீறிய காற்று அது; அன்றைய தேவை கருதி, பொறுப்பாளர்கள் அறிந்தே துணிந்தார்கள். நம் இரவுப் பதிவு எதற்கும் அந்தத் துணிவு தேவையில்லை.

காற்றே இல்லாதபோது புதிதாக ஒரு முனகலோ 'டக்' என்ற ஒலியோ கேட்டால் அதைத்தான் எல்லாவற்றையும்விடக் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 1962 முதல் இயங்கிய 300 அடித் தொலைநோக்கி, 1988 நவம்பர் 15 இரவு, இயங்கிக்கொண்டிருந்தபோதே இடிந்து விழுந்தது. சட்டங்களை இணைத்த தகடு ஒன்று முறிந்ததே காரணம். ஒலி கேட்டவுடன் மோட்டாரை அணைத்து, தட்டுக்கடியில் எவரும் நிற்காதபடி செய்து, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பற்றவைப்பையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்க வேண்டும். துருவின் மேல் மயிரிழை போன்ற ஒரு கருங்கோடு தெரிந்தால் அதன் இருமுனைகளிலும் மையால் குறியிட்டுத் தேதி எழுதுங்கள். கோடு அந்தக் குறிகளைத் தாண்டவில்லை என்றாலும், அந்த இணைப்பை ஒரு பற்றவைப்பாளர் வெட்டி எடுத்துப் புதிய தகடு போடும்வரை தட்டைத் திருப்பக்கூடாது. மேலே பெயிண்ட் பூசி மறைப்பதையும் அனுமதிக்கக்கூடாது.